விட்பியில் டிராகுலா கல்லறை இல்லை

இங்கிலாந்தின் விட்பி என்ற கடலோர ஊரில் டிராகுலாவின் கல்லறை இருப்பதாகப் பரவும் தகவல் தவறு. டிராகுலா, பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலின் கற்பனைப் பாத்திரம். அந்தக் கதையிலேயே அவன் சாவது இன்றைய ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவில்தான்.

சரி, விட்பி எப்படி இதில் வந்தது? ஸ்டோக்கர் 1890இல் அங்கே தங்கினார். 'டிராகுலா' என்ற பெயரை அந்த ஊர் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் கண்டார். 1885இல் அங்கே தரைதட்டிய 'திமித்ரி' என்ற ரஷ்யக் கப்பலையும், பெயரைச் சற்று மாற்றிக் கதைக்குள் கொண்டுவந்தார்.

குன்றின் மேலுள்ள செயின்ட் மேரி தேவாலய இடுகாட்டில் உண்மையில் உறங்குபவர்கள் மாலுமிகளும் ஊர்க் குடும்பத்தினரும். டிராகுலா கல்லறை எங்கே என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை என்று தேவாலயத்தில் அறிவிப்பே வைத்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: மழையில் குன்று சரிந்து, அங்கே புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் வெளியே வந்திருக்கின்றன.