ஊர்ப்பொது நிலத்தைப் பட்டா போட்டால் காப்பாற்றிவிடலாமா?

'பொதுவில் கிடந்தால் நிலம் பாழாகும், ஆளுக்குக் கொஞ்சம் பட்டா போட்டுக் கொடுத்தால்தான் உருப்படும்' என்கிற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரைதான் இதற்கு ஊற்று. பொது மேய்ச்சலில் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு மாட்டை விடுவார்கள், கடைசியில் புல்லே மிஞ்சாது என்றார். ஆனால் அவர் கற்பனை செய்த நிலத்தில் காவலும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517லேயே விதி இருந்தது: குளிர்காலம் முழுக்கச் சொந்தத் தீவனம் போட்டு எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் மலைமேய்ச்சலுக்கு ஓட்டலாம். இப்படிப்பட்ட ஊர்களை எடுத்துக்காட்டி ஹார்டினுக்குப் பதில் சொன்ன அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் ஏரிப்பாசனத்தில் நீர்பாய்ச்சி என்கிற ஊர்ப் பணியாளர் முறைவைத்துத் தண்ணீர் விட்டதும், அறுவடையில் அவருக்கு நெல் அளந்ததும் இதே வகைதான்.

நம்மூரில் பொது நிலம் அழிவது வேறு வழியில். ஒரு வண்டிப்பாதைப் புறம்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 5 மீட்டர், நீளம் 400 மீட்டர். மொத்தம் 20 ஏர் (2,000 சதுர மீட்டர்), கிட்டத்தட்ட 49 சென்ட். இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களும் உழும்போது ஆளுக்கு அரை மீட்டர் உள்ளே வந்தால் போதும், 10 சென்ட் போய்விடும். அடுத்து எல்லைக்கல் காணாமல் போகும். பாதை இரண்டரை மீட்டராகச் சுருங்கியதும் அறுவடை இயந்திரம் உள்ளே நுழையாது. கடைசிக் காட்டுக்காரர் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவார். வாங்குபவர் யார் என்று சொல்லவே வேண்டாம். பொதுப்பாதை போனதால் பட்டா நிலமும் கைமாறுகிறது. தனியார், பொது என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே முதல் வேலை, ஊரில் பொது நிலம் எவ்வளவு என்று எழுதி வைப்பது. வருவாய்த்துறையின் இணைய சேவையில் புல எண் கொடுத்தால், அந்த நிலத்தின் வகையும் பரப்பும் பதிந்திருக்கும் அ-பதிவேடு வரும். மேய்க்கால், மந்தைவெளி, களம், ஓடை, சுடுகாடு, தோப்பு என்று ஒவ்வொன்றையும் பரப்போடு குறித்துக்கொள்ளுங்கள். பழைய புல எண் கலத்தை விட்டுவிடாதீர்கள். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு (யூடிஆர்) முந்தைய பதிவேட்டோடு ஒப்பிட அதுதான் பிடி. புதிய உட்பிரிவு முளைத்திருந்தால், எந்த உத்தரவின்படி என்று கேளுங்கள். பிறகு எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தோடு போய்க் கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

'ஊர்ப்பொது' என்பதில் ஊர் முழுக்க இருந்ததா என்றும் கேட்டாக வேண்டும். குளத்தில் இறங்க விடாததும், சுடுகாட்டுப் பாதையை மறித்ததும், மீன்பாசிக் குத்தகை சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றியதும் பொது நிலத்தின் பெயரால்தான் நடந்தன. அதற்காகப் பொதுவையே கலைத்துவிடுவதை நான் ஏற்கவில்லை. வறண்ட பகுதிக் கிராமங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் என்.எஸ். ஜோதா, ஏழைகளுக்கு என்று சொல்லிப் பிரித்த பொது நிலத்தில் பெரும்பகுதி வசதியுள்ளவர்களிடமே போய்ச் சேர்ந்ததை 1980களிலேயே காட்டிவிட்டார். ஆடு வளர்ப்பவருக்கும் விறகு பொறுக்குபவருக்கும் மேய்க்கால்தான் முதலீடு.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது, ஏரிகளுக்கென்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொது நில ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற தொழிலாளர், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசே ஒதுக்கிய இடங்களுக்கு விதிவிலக்கும் தந்தது. குடிசையை மட்டும் இடித்துவிட்டு வளைத்துக் கட்டிய மதில்சுவரை விட்டுவிடுவது அந்தத் தீர்ப்புக்கே விரோதம்.

இன்னொரு பக்கம், 2023இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலையும் ஓடையும் உள்ள நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்கிறது. சால் சாலாகப் போவதை ஊர் தடுக்கலாம். இது மொத்தமாகப் போகிற வழி, சட்டத்தையே திரும்பப் பெறச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு அ-பதிவேட்டு நகலோடு போங்கள். 'ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானம் கோப்பில் தூங்கும். புல எண், வகைப்பாடு, பதிவேட்டில் உள்ள பரப்பு, இப்போது தரையில் உள்ள பரப்பு, அளந்து கல் நடக் கோரிக்கை என்று ஐந்தையும் எழுதி, தீர்மான எண்ணோடு வட்டாட்சியருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.