அது குடிசை இல்லை ஐயா, தொழுவம்

ஊரில் நம் பழைய மாட்டுத்தொழுவத்தை இடிக்கிற அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டேன். ஜேசிபி ஒரு தட்டுத் தட்டியதும் ஓலைக்கூரை அப்படியே உட்கார்ந்ததைப் பார்த்தேன். பின்னணியில் போட்ட மாஸ் பாட்டையும் கேட்டேன். "ஊர் முன்னேறுது" என்று தலைப்பு வேறு. நல்லா முன்னேறட்டும்.

அது குடிசை இல்லை. மாட்டுத்தொழுவம். "குடிசையில்லா தமிழ்நாடு" என்று கமெண்டில் கைதட்டியவர்களே, 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடு கட்டும் கலைஞர் கனவு இல்லம் திட்டம் மனிதர்கள் குடியிருக்கும் குடிசைகளுக்கு. ஒழுகுற கூரைக்குக் கீழே யாரும் பிள்ளை வளர்க்கக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இங்கே யார் குடியிருந்தார்கள்? போன வருஷம்வரை இரண்டு பசுவும் ஒரு கன்றும்.

வேய்வது என்றால் ஓலையைத் தூக்கி மேலே போடுவது என்று நினைக்கிறார்கள். பனையோலையை மிதித்துப் படியவைத்து, அடுக்கி, மேலே கல் ஏற்றி நாள்கணக்கில் அமுக்கி வைக்க வேண்டும். கூரையைத் தாங்குகிற சாய்வு மரமான கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனை. அதன்மேல் குறுக்குக் குச்சிகளாக வரிச்சு கட்டி, கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தில் தொடங்கி உச்சி முகடுவரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் மழை உள்ளேதான் விழும். கட்டெல்லாம் பனைநார்தான். ஆடிக்காற்றுக்கு முன்னால் வேலை முடிந்தாக வேண்டும். பெரியப்பா கீழே நின்றுகொண்டு "ஏலே, சரிவு பத்தாதுலே, தண்ணி நிக்கும்" என்று கத்துவார். எனக்கு நாரை நனைத்துக் கொடுக்கிற வேலை. (அரிவாளை இறவாணத்தில் செருகிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற ஆளும் அவர்தான்.)

சித்திரை மத்தியானத்தில் அங்கே மாடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். பக்கத்தில் இப்போது போட்ட தகரக் கொட்டகையில் ஃபேன் மாட்டியிருக்கிறார்கள், அப்படியும் மாட்டுக்கு மூச்சு வாங்குகிறது. கரண்டு பில் தனி.

தீப்பிடிக்கும் என்பீர்கள். 2004 கும்பகோணம் பள்ளித் தீயைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்த்த தம்பி, 94 பிள்ளைகள் போன விஷயம் அது. சமையல் கொட்டகைத் தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. பள்ளிக்கு ஓலைக்கூரை கூடாது என்றது நூறு சதவீதம் நியாயம். தோட்டத்து நடுவில் தனியாக நிற்கிற தொழுவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விவாதத்தில் ஜெயிக்க அந்தப் பிள்ளைகளை இழுக்காதீர்கள்.

பாம்பு வரும். தகரத்துக்கு அடியிலும் வரும், விடுங்கள்.

வேய ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் கொஞ்சமாவது உருப்படியான பதில். ஆனால் வேயக் கூரையே இல்லையென்றால் எவன் கற்றுக்கொள்வான்? பனை நம் மாநில மரம். வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள், சந்தோஷம். மரம் பத்திரமாக நிற்கிறது, ஓலை காய்ந்து கீழே கிடக்கிறது.

ஜப்பானில் சிரகவா-கோ என்று ஒரு மலைக்கிராமம். அங்கே இருப்பதும் புல் வேய்ந்த விவசாயி வீடுகள்தான், பரணில் பட்டுப்புழு வளர்த்த வீடுகள். ஒருவர் கூரையை மாற்ற ஊரே கூடும். 1995-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமக்கு ராஜா கட்டினால்தான் பாரம்பரியம். மாடு வைத்திருந்தவன் கட்டினால் குப்பை.

இடித்த அண்ணன் போன மாதம்தான் ஏதோ ஒரு ரிசார்ட்டில் பிளாஸ்டிக் கீற்றுக்குக் கீழே நின்று "கிராமத்து வாசம்" என்று ஸ்டேட்டஸ் போட்டார். கேட்டால், "ஊர்ல இருக்கவனுக்குத்தான் கஷ்டம் தெரியும், நீ மெட்ராஸ்ல இருந்துக்கிட்டுப் பேசாத" என்கிறார். சரி அண்ணே. ஓலைக்குப் பணம் அனுப்பச் சொன்னபோது மட்டும் நான் மெட்ராஸில் இருந்தது பரவாயில்லையா? கோயில் கொடைக்கு வரி கேட்டு கரெக்டாக போன் வருகிறது. இடிப்பதற்கு முதல் நாள் அதே போனில் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

அந்தக் கைமரம் எல்லாம் எங்கே? செங்கல் சூளைக்கு விற்றாகிவிட்டதா? இன்னும் லாரி ஏறவில்லை என்றால் ஊரில் இருக்கிறவர்கள் யாராவது தடுத்து வையுங்கள். என்ன விலையோ, நான் தருகிறேன்.