யூசி கொடுத்த மறுநாள்

போன வாரம் பூம்பாறையில் ஒரு வீட்டுப் பரணுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே தாளோடு சேர்த்துக் கட்டிய மலைப்பூண்டு வரிசை வரிசையாகத் தொங்குகிறது. கீழே சீகை விறகு புகைகிறது. அந்த வீட்டு அத்தை முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே கேட்டார்: "ஏப்பா, ஒம் பெட்டி எப்பத்தான் வரும்? மூணு வருசமா இதோ அதோங்குற."

அந்தப் பெட்டி, வீட்டுக்குள் புகை வராமல் பூண்டைக் காய வைக்கும் உலர்த்தி, கொடைக்கானலில் என் வெல்டிங் பட்டறை ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அரசுப் பணத்தில் செய்தது. வேலை செய்கிறது என்று நிரூபித்து, அறிக்கை கொடுத்து, கணக்கு ஒப்படைத்து, பாராட்டுக் கடிதமும் வாங்கியது. ஆனால் இன்றுவரை ஒரு விவசாயி வீட்டுக்கும் அது போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிட வேண்டும்.

கீழ்நாட்டு நண்பர்களுக்காகக் கொஞ்சம் பூண்டு விஷயம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை பக்கம் விளையும் எங்கள் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிடுங்கியதும் அப்படியே மூட்டை கட்டிவிட முடியாது. கழுத்து ஈரம் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். இங்கே மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் நாளில் வெயிலை நம்ப முடியாது. அதனால்தான் பரணில் தொங்கவிட்டுப் புகை போடுகிறார்கள். பூண்டு காய்ந்து, மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். புகையில் சேர்ந்து காய்வது வீட்டுப் பெண்களின் நெஞ்சும்தான்.

நாங்கள் செய்த பெட்டி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விறகுச் சூடு குழாய் வழியாகப் போகும், புகை வெளியே போய்விடும், சூடான காற்றை மட்டும் ஒரு சின்ன ஃபேன் பூண்டுக்குள் தள்ளும். இதற்குத்தான் ஓர் அரசு அமைப்பில் ஆய்வு நிதி கேட்டோம். கிடைத்தது. இத்தனை நாளில் இத்தனை சதவீத ஈரம் குறைய வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். குறைந்தது. விறகும் குறைந்தது. அன்று பட்டறையில் நாங்கள் மூன்று பேரும் சாப்பிடக்கூடப் போகவில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

காய்ந்த பூண்டை மலைக்குக் கீழே பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குக் கொண்டுபோனேன். மண்டிக்காரர் ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார், மோந்து பார்த்தார், தாளை நிமிண்டினார். "பூண்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா புகை நெறமும் இல்ல, வாசமும் இல்ல. இத மலைப்பூண்டுன்னு சொன்னா என் யாவாரி நம்புவானா?"

விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஈரத்தை அளக்க எங்களிடம் மீட்டர் இருந்தது. சந்தை எதை வைத்து அளக்கிறது என்று நாங்கள் யாரையும் கேட்டிருக்கவில்லை. திரும்பி வரும்போது, மலையேற்றம் தொடங்கும் காட்ரோடு வருவதற்குள்ளேயே வழி தெரிந்துவிட்டது. கடைசி சில மணி நேரம் மட்டும் அளவாகப் புகையை உள்ளே விட்டால் போதும், ஒரு தட்டும் ஒரு மூடியும்தான் கூடுதல் வேலை. ஆனால் ஒப்புக்கொண்ட வரைபடத்தை மாற்றக் குழு கூட வேண்டும் என்றார்கள். குழு கூடுவதற்குள் காலக்கெடு முடிந்தது. மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். வாங்கிய பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ், நாங்கள் யூசி என்று சொல்வது, அதையும் கொடுத்தோம். கோப்பு மூடப்பட்டது. தட்டையும் மூடியையும் சொந்தக் காசில் போட்டு, பிறகு அதே மண்டியில் முழு விலை வாங்கினேன். அந்தத் தகவல் எந்தக் கோப்பிலும் இல்லை. கேட்பார் இல்லை.

நிதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது நிறையவே இருக்கிறது. 2005-ல் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை சிறுதொழில் ஆய்வுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அதே துறை 2012-ல் தொடங்கிய பைராக் என்ற நிறுவனம், பிக் என்ற மானியத்தில் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2021-ல் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி வந்தது, நம் மாநிலத்தின் டான்சீட் என்ற விதை நிதி இருக்கிறது. ஒரு புரோட்டோடைப் செய்வதற்குப் பணம் தேடி இருபது வருடத்துக்கு முன்பு பட்ட பாடு இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். என் ஆதங்கமெல்லாம் அதற்கு அடுத்த படியைப் பற்றியது.

அமெரிக்காவில் இதற்கு 1982-லேயே சட்டம் போட்டார்கள். வெளியாரிடம் கொடுத்துச் செய்யும் ஆய்வுக்கு வருடம் 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்பது 2017-ல் எட்டிய கணக்கு. முதல் கட்டம், நடக்குமா என்று பார்ப்பது. இரண்டாம் கட்டம், செய்து பார்ப்பது. மூன்றாம் கட்டம்தான் விற்பனை. இதற்கு அந்த ஆய்வு நிதியிலிருந்து ஒரு காசும் கிடையாது. ஆனால் பணத்தை விடப் பெரிய ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு கட்டத்தில் போட்டியிட்டு வந்த நிறுவனத்திடம், அந்த ஆய்விலிருந்து பிறந்த பொருளை, அரசுத் துறை மறுபடி டெண்டர் விடாமலே நேராக வாங்கலாம். போட்டி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று எனக்கு ஓர் அலுவலகத்தில்தான் புரிந்தது. அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். பெட்டியை நேரில் வந்து பார்த்தவர். "நாலு பெட்டி வாங்கி நாலு ஊர்ல வைக்கலாம் தம்பி, எனக்கு ஆசைதான். ஆனா உங்ககிட்ட மூணு வருச டர்ன்ஓவர் இல்ல. ஒரே ஆளு மட்டும் செய்யுற பொருள நான் வாங்குனா நாளைக்கு ஆடிட்ல என் கழுத்துக்குத்தான் கத்தி" என்றார். விதியில் தளர்வு இருக்கிறதே என்றேன். இருக்கிறதுதான். 2017-ம் வருடப் பொது நிதி விதிகளில் ஸ்டார்ட்அப்களுக்கு முன் அனுபவமும் விற்றுமுதலும் தளர்த்தலாம் என்று உண்டு. 2012-ல் வந்த கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசு நிறுவனங்கள் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். ஆனால் 'தளர்த்தலாம்' என்பதற்கும் 'வாங்கலாம், உன்னை யாரும் கேட்க மாட்டார்கள்' என்பதற்கும் நடுவில் ஓர் அதிகாரியின் பென்ஷன் நிற்கிறது. அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு குடை வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நமக்கு இது புதுசும் அல்ல. ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிறார்களே, அந்த மை. தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கி, 1962-லிருந்து மைசூரில் ஒரு மாநில அரசு நிறுவனம் தயாரிப்பது. ஆய்வகக் குடுவையில் இருந்த மை கோடிக்கணக்கான விரல்களுக்கு வந்ததற்குக் காரணம், வாங்குகிற கை முதல் நாளே நீட்டப்பட்டிருந்தது. தேர்தல் ஆணையம் என்ற ஒரே ஒரு வாடிக்கையாளர் போதுமானதாக இருந்தது.

விவசாயியிடமே நேராக விற்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மானியம் இருக்கா?" வேளாண் இயந்திரங்களுக்குச் சிறு, குறு விவசாயிக்குப் பாதி விலை வரை மானியம் வருகிறபோது, மானியம் இல்லாத பெட்டியை முழு விலைக்கு அவர் ஏன் வாங்க வேண்டும்? மானியப் பட்டியலில் ஏற வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் சோதனை அறிக்கை வேண்டும். பெட்டியை லாரியில் ஏற்றி மலை இறக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்தச் செலவுக்கு ஆய்வு நிதியில் ஒரு தலைப்பே கிடையாது. வெறும் சூடு அளக்கும் கருவிக்குப் பணம் தந்தவர்கள், விற்பதற்குத் தேவையான ஒற்றைக் காகிதத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

அமெரிக்கர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-ல் ஐ-கார்ப்ஸ் என்று ஒரு பயிற்சி தொடங்கியது. ஆய்வுக் குழு ஏழு வாரத்தில் நூறு பேரை, அதாவது வாங்கக்கூடியவர்களை, நேரில் பார்த்துப் பேசியாக வேண்டும். எங்களை அப்படி யாராவது அனுப்பியிருந்தால் முதல் பத்துப் பேருக்குள் வடுகபட்டி மண்டிக்காரர் வந்திருப்பார். வரைபடம் போடும் முன்னாலேயே புகைத் தட்டு அதில் இருந்திருக்கும்.

அரசுப் பணத்தில் செய்த பொருளைத் தனியாள் விற்று லாபம் பார்ப்பதா என்று போன முறை ஒரு நண்பர் கோபப்பட்டார். மக்கள் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது, தோழர். அது தார்ப்பாய்க்குள் கிடப்பதால் மக்களுக்கு என்ன வந்தது? அரசு போட்ட பணத்துக்கு விற்பனையில் ஒரு பங்கு கேட்கட்டும், மகிழ்ச்சியாகக் கொடுக்கிறேன். வரைபடத்தையே கேட்டாலும் சரி, திண்டுக்கல்லில் பத்துப் பட்டறை செய்யட்டும்.

நம் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் மண் அள்ளும் இயந்திரத்தையும் தானே வாங்கி, மணிக்கணக்கில் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். இதே வழியில், அரசு நிதியில் ஆய்வு முடித்துத் தேறிய கருவிகளுக்கு ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி, சோதனைச் செலவையும் அதிலேயே சேர்த்து, முதல் சில கருவிகளைத் துறையே வாங்கி வாடகைக்கு விடட்டும். ஒரு பருவம் ஓடினால் போதும். தேறாதது தானாகத் தெரிந்துவிடும், அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். தேறியதை விவசாயிகள் சும்மா விட மாட்டார்கள்.

இதை இரண்டு பக்கமாக எழுதி, திண்டுக்கல் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். மலையில் என்னைப் போலவே கோப்பு மூடப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், கேரட் கழுவுகிறதோ காப்பி உலர்த்துகிறதோ எதுவானாலும், இன்பாக்ஸில் வாருங்கள். அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்தே போவோம்.

அத்தைக்கு மட்டும் ஒரு வார்த்தை. வருகிற அறுப்புக்குப் பட்டறைப் பெட்டியையே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவருகிறேன், வாடகை எதுவும் வேண்டாம். பரணுக்கு ஒரு பாதி, பெட்டிக்கு ஒரு பாதி போட்டுப் பாருங்கள். வடுகபட்டிக்கு இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகலாம்.