வாட்டர் பேலஸ்ட் குறித்து ஒரு திருத்தம்

டிரெய்லரில் இழுத்துச் செல்லும் பாய்ப்படகுகளில் தண்ணீர் பேலஸ்ட், அதாவது படகு கவிழாமலிருக்க அடித்தொட்டியில் எடைக்காக நிரப்பும் நீர், வீண், தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது எடை என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. கேட்கச் சரியாகத்தான் படும், ஆனால் அப்படியில்லை.

மெக்ரெகர் 26எம் படகைப் பாருங்கள். தொட்டியில் ஏறும் நீர் 1,150 பவுண்டு, கிட்டத்தட்ட 520 கிலோ. அந்த எடையைத் தாங்கப் படகு இன்னும் கொஞ்சம் அமிழ்கிறது. கூடுதல் மிதப்பு நீர்மட்டத்தையொட்டிக் கிடைக்கிறது, எடையோ அடியில் இருக்கிறது. படகு சாயும்போது நிமிர்த்துவது இந்த உயர வித்தியாசம்தான். சாய்வு கூடி, தொட்டியின் ஒரு பக்கம் நீருக்கு மேலே வந்தால் பலன் இன்னும் அதிகம். எடைக்காக அடியில் வைக்கும் ஈயத்துக்கு ஈடாகாது, உண்மை. ஆனால் வீணில்லை.

சோதித்துப் பார்க்கலாம். காற்றில்லாத நாளில், பாயை இறக்கி, ஆளில்லாத படகைத் துறையில் தளர்வாகக் கட்டுங்கள். பாய் ஏற்றும் கயிற்றின் நுனியில் தொங்குதராசு மாட்டி, பாய்மர உச்சியைப் பக்கவாட்டில் 10 பாகை சாயும்வரை இழுங்கள். தொட்டி காலியாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை. நிரம்பியபோது தராசு கூடுதலாகக் காட்டும்.

நிரப்பும்போது தொட்டியின் காற்றுத்துளை மூடியைத் திறக்க மறக்காதீர்கள், இல்லையேல் தொட்டி முழுதாக நிரம்பாது. அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடும். பேலஸ்ட் மேல் வரும் புகார்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் சந்தேகம்.