அஞ்சலிப் பதிவுக்கு முன்னால் ஒரு படிவம்

எம்.எஸ்.வி.க்குப் பத்மஸ்ரீகூட இல்லை. நாகேஷுக்கும் இல்லை. நினைவுநாள் தவறாமல் இந்த இரண்டு வரியும் டைம்லைனில் சுற்றும். கோபம் நியாயம்தான், வருகிற நாள்தான் தப்பு. மறைந்தவர்களுக்குப் பத்ம விருது பொதுவாகக் கிடையாது என்பது விதி. எஸ்.பி.பி.க்கு 2021இல் பத்ம விபூஷண் வந்தது விதிவிலக்கு. திரைத்துறைக்கு மத்திய அரசு தரும் மிக உயரிய பால்கே விருதில் அது இன்னும் அரிது: பிருத்விராஜ் கபூர், வினோத் கன்னா என இரண்டே பேர்.

உயிரோடு இருக்கும்போது வருவதாவது நேரத்தோடு வருகிறதா? 1957இல் பாட வந்த எஸ். ஜானகிக்கு 2013இல்தான் பத்ம பூஷண் அறிவித்தார்கள். காலம் கடந்து வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். வாணி ஜெயராமுக்கு 2023 ஜனவரி 25 அன்று அறிவிப்பு, பிப்ரவரி 4 அன்று மறைவு. பதக்கத்தைக் கையில் வாங்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1969ஆம் ஆண்டு முதல் இருக்கும் தாதாசாகேப் பால்கே விருதை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மொழிப் படங்களால் பெயர்பெற்று அதை வாங்கியவர்கள், பி.என். ரெட்டி தொடங்கி 2023க்கான விருதைப் பெற்ற மோகன்லால் வரை, பன்னிரண்டு பேர். தமிழ் என்று பார்த்தால் சிவாஜி, பாலசந்தர், ரஜினி. பன்னிரண்டில் ஒரு பெண் இல்லை. பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்ற தகுதியிலும் யாரும் இல்லை. (பன்னிரண்டு பேரில் ஒருவரான கன்னடத்து ராஜ்குமார் அருமையாகப் பாடுவார். ஆனால் அந்த விருது நடிகர் ராஜ்குமாருக்கு.) வடக்கே நௌஷாத், லதா, ஆஷா, மன்னா டே என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஒளிப்பதிவாளர்களில் முதலில் வாங்கிய வி.கே. மூர்த்தி மைசூர்க்காரர், செங்கல்பட்டில் பிறந்தவர் வஹீதா ரஹ்மான். இருவருக்கும் அதைப் பெற்றுத் தந்தவை இந்திப் படங்கள்.

பால்கேயைக் குழு கூடி முடிவு செய்கிறது, நாம் படிவம் போட்டு வாங்கித் தர முடியாது. பத்ம விருது அப்படி இல்லை. யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். இந்தச் சாதாரண விஷயம் ரசிகர் மன்றங்களுக்கே தெரிவதில்லை. ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற அரசு இணையதளத்தில் மட்டும்தான் ஏற்பார்கள், தபாலில் அனுப்பினால் வீண். 2026 விருதுகளுக்கு 2025 மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை நேரம் தந்தார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் மார்ச்சிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சாதனையை விவரிக்க அதிகபட்சம் 800 சொற்கள். கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். 'இசை உலகின் இமயம்', 'காலத்தால் அழியாத குரல்' என்று பாதி இடத்தை நிரப்பிவிடுகிறோம். மேடைப் பேச்சுக்கு அது சரி. தமிழ்ப் பாட்டே கேட்டிராத ஒரு டெல்லி அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எந்த ஆண்டு, எந்தப் படம், அதில் முதன்முதலாக என்ன செய்தார், அதற்குப்பின் மற்றவர்கள் வேலை செய்யும் விதம் எப்படி மாறியது, எத்தனை பேரை உருவாக்கினார் என்று எழுத வேண்டும். வெறும் சிறப்பு போதாது, அதற்கும் மேலே பொதுநலப் பங்களிப்பு வேண்டும் என்று பத்ம விதிமுறையே சொல்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு உதவியது, இலவசமாகக் கற்றுக்கொடுத்தது எல்லாம் கடைசி வரிக்கு ஒதுக்குகிற சமாச்சாரங்கள் அல்ல.

அடுத்தது எண்கள். 'நாற்பதாயிரம் பாடல்கள்' என்று எழுதினால் பட்டியல் எங்கே என்ற கேள்வி வரும். பி. சுசீலாவுக்கு 2016இல் கின்னஸ் தந்த எண் 17,695. எண்ணிச் சரிபார்த்த எண் என்பதால் யாரும் அதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். படத்துக்குப் படம் எழுத்து மாறியிருந்தால், இரண்டு பேரா ஒருவரா என்று குழம்பிப்போவார்கள்.

மாநில விருதுகளுக்கு நம்மவர்கள் அவ்வளவாக மதிப்புக் கொடுப்பதில்லை. ஆனால் மனசு வைத்தால் சட்டென்று வந்து சேர்வது அதுதான். வசனகர்த்தா ஆரூர்தாஸுக்கு 2022 ஜூன் 3 அன்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் அவர் வீட்டுக்கே போய் கலைஞர் கலைத்துறை வித்தகர் விருதையும் 10 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். நவம்பரில் ஆரூர்தாஸ் காலமானார். விழா மண்டபம், தேதி என்று இழுத்திருந்தால் அதுவும் கை நழுவியிருக்கும். 2009 முதல் 2014 வரையிலான தமிழக அரசின் திரைப்பட விருதுகளை 2017இல் அறிவித்து 2022இல் கொடுத்த கூத்தையும் நாம் பார்த்திருக்கிறோமே.

நடிகருக்காவது முகம் சாட்சி. எடிட்டர், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக்காரர், டப்பிங் கலைஞர் ஆகியோருக்கு டைட்டில் கார்டையும் பழைய பாட்டுப் புத்தகத்தையும் விட்டால் ஆதாரம் கிடையாது. கோரஸ் பாடியவர்களுக்கும் வாத்தியம் வாசித்தவர்களுக்கும் பல படங்களில் அதுவும் இல்லை. பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி ஆளாகச் சேர்த்து வைத்ததால்தான் பழைய படங்களின் விவரம் இந்த அளவுக்காவது மிஞ்சியது. ஆகவே, பழைய படத்தை யூடியூபில் ஏற்றும்போது டைட்டிலை வெட்டிவிட்டு நேரே முதல் காட்சிக்குப் போகிறவர்களே, அந்த மூன்று நிமிடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.