சர்வர் வந்துவிட்டதாம், எங்களுக்கு இனிமேல்தான் வேலை

நேற்று மதியம் 3.40-க்கு எங்கள் கல்லூரி நூலகத்துக்கு போன் வந்தது. "சர்வர் வந்துருச்சு மேடம், செக் பண்ணிக்கோங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. ஆபீஸில் கேட்டாலும் "அதான் சரியாயிடுச்சே" என்கிறார்கள். என் மேசை மேல் 11 பக்கம் நிறையக் கையால் எழுதிய எண்கள் கிடக்கின்றன. இரண்டரை நாளில் போன புத்தகம், வந்த புத்தகம் அத்தனையும் அந்த 11 பக்கத்தில்தான் இருக்கின்றன. அதைக் கணினியில் யார் ஏற்றுவது, எந்த நேரத்தில் ஏற்றுவது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கலைக் கல்லூரி நூலகத்தில் 16 வருடமாக இரவல் கவுண்டரில் உட்காருகிறேன். திங்கள்கிழமை காலை 9.20. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரம். நோ டியூ, அதாவது பாக்கி இல்லை என்ற படிவத்தில் நூலகக் கையெழுத்து இல்லாமல் ஹால் டிக்கெட் கிடையாது. அதனால் கதவைத் திறக்கும்போதே முப்பது பேர் நிற்கிறார்கள். முதல் பையனின் அட்டையை ஸ்கேன் செய்தேன். பீப் சத்தம் வந்தது, திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினேன், மறுபடி ஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ரோடு தோண்டியதில் கேபிள் அறுந்துவிட்டது என்று பதினொரு மணிக்குத் தெரிந்தது. அதைச் சாயங்காலம் ஒட்டிக் கொடுத்தார்கள். சரி, நாளைக்கு நிம்மதி என்று வீட்டுக்குப் போனேன். செவ்வாய் காலை வந்தால் நெட் இருக்கிறது, சர்வர் இல்லை. டிஸ்க் நிறைந்துபோய் டேட்டாபேஸ் நின்றுவிட்டதாம். டிஸ்க் நிறைவது திடீரென்று நடக்கிற காரியமா? மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே நிறைகிறது. ஒருவர் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதுமே! பராமரிப்பு ஒப்பந்தம் என்று வருடா வருடம் பணம் கட்டுவது எதற்கு?

இரண்டு வருடம் முன்பு வரை சர்வர் எங்கள் அறையிலேயே, என் கால்மாட்டில் ஒரு பெட்டியாக இருந்தது. ஊருக்கே நெட் போனாலும் கட்டடத்துக்குள் ஓடும் வயரில் எங்கள் வேலை நடந்தது. திடீரென்று ஒருநாள் அதை எடுத்து வெளியே வாடகை சர்வரில் வைத்தார்கள். பாதுகாப்பு, வசதி என்று காரணம் சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் முன் கவுண்டரில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? "நெட் போனால் என்ன செய்வீர்கள்?" அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போதும்.

சிஸ்டம் போனதும் எனக்கு என்னவெல்லாம் போகிறது தெரியுமா? எதிரில் நிற்கும் பிள்ளை கையில் ஏற்கெனவே எத்தனை புத்தகம் இருக்கிறது என்று தெரியாது. அந்தப் புத்தகத்தை வேறு ஒருவர் ரிசர்வ் செய்து காத்திருக்கிறாரா என்று தெரியாது. தேடும் கணினியும் சேர்ந்தே படுத்துவிடும், அதனால் "மேடம், காஸ்ட் அக்கவுண்டிங் எங்க இருக்கு?" என்று கேட்டால் 657-ஆம் எண் அலமாரி, தமிழ் இலக்கியம் என்றால் 894.811 என்று ஞாபகத்திலிருந்து சொல்லி அனுப்பவேண்டும். புத்தகம் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பதை அவர்களே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்கோடு வந்த பிறகு புதுப் புத்தகங்களில் தேதிச் சீட்டு ஒட்டுவதையும் நிறுத்திவிட்டோம். "என்னைக்குத் திருப்பித் தரணும் மேடம்?" என்றால் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைக்கிறேன், அது வழியிலேயே விழுந்துவிடுகிறது.

நோ டியூ கையெழுத்துதான் பெரிய கொடுமை. யார் பெயரில் என்ன பாக்கி என்று பார்க்க முடியாமல் நான் எப்படி "பாக்கி இல்லை" என்று எழுதித் தருவேன்? நாளை இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் என் கையெழுத்தைக் காட்டித்தானே கேட்பார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால், "சிஸ்டம் வேலை செய்யலைன்னா நாங்க என்ன மேடம் பண்றது?" என்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ஆனால் ஒரு பேராசிரியர் வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்னம்மா, ஒரு புத்தகம் குடுக்க இவ்வளவு நேரமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டு எழுதுகிறேன் சார். கேபிளை நானா அறுத்தேன்?

இது இரண்டரை நாள் கஷ்டம். இதற்குப் பிறகு வருவதுதான் யார் கண்ணுக்கும் படாத கஷ்டம்.

நோட்டில் இருப்பதை அப்படியே வரிசையாக ஏற்றிவிட முடியாது. திங்கள் காலை ஒரு பெண் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை மதியமே இன்னொரு பையன் எடுத்துப் போயிருப்பான். முதலில் அவனுக்கு வழங்கியதை ஏற்றிவிட்டு, அப்புறம் அவள் திருப்பிக் கொடுத்ததை ஏற்றினால் அவன் பெயரிலிருந்து புத்தகம் கழிந்துவிடும். அவன் கையில் இருக்கும் புத்தகம் நூலகத்தில் இருப்பதாகக் கணக்கு காட்டும். ஆகவே நேரம் பார்த்து, ஒவ்வொரு வரியாக, நடந்த வரிசையிலேயே ஏற்றவேண்டும். திருப்பிக் கொடுத்ததை ஏற்றும்போது பழைய தேதியை ஒவ்வொன்றுக்கும் கையால் போடவேண்டும். மறந்து இன்றைய தேதியில் ஏற்றினால், ஒழுங்காகக் கெடு நாளில் கொண்டுவந்து கொடுத்த பிள்ளைக்கு அபராதம் விழும். இதையெல்லாம் கவுண்டரை மூடி வைத்துக்கொண்டா செய்கிறோம்? எதிரில் இன்றைய வரிசை நிற்கிறது. ஒரு வரி ஏற்றுவதற்குள் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள்.

அபராதக் கணக்கு இரவில் தானாக ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் சர்வர் வந்தது, நேற்று இரவே அது ஓடிவிட்டது. நான் முதல் பக்கத்தைக்கூட முடித்திருக்கவில்லை. இன்று காலை மூன்று பிள்ளைகள் செல்போனை நீட்டுகிறார்கள், "கெடு தாண்டிவிட்டது" என்று மெயில் வந்திருக்கிறது. மூவருமே திங்களன்று என் கையில் கொடுத்தவர்கள். என் நோட்டில் அவர்கள் கையெழுத்தே இருக்கிறது. 'இரண்டு நாள் அபராதக் கணக்கை நிறுத்தி வையுங்கள்' என்று செவ்வாய்க்கிழமையே நான் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் யார் மேசையில் கிடக்கிறதோ.

போன வருடம் நடந்தது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அப்போதும் இப்படித்தான் ஒருநாள் முழுக்க சர்வர் இல்லை. கணிதப் பிரிவில் படித்த ஒரு பெண் இரண்டு புத்தகம் திருப்பிக் கொடுத்தாள். அவசரத்தில் எழுதியது, இரண்டாவது எண் 14387. ஏற்றும்போது என் கண்ணுக்கு 14337 என்று தெரிந்தது. 8-இன் பாதி மை பிடிக்காமல் 3 மாதிரி இருந்தது. 14337 என்பது அலமாரியிலேயே இருந்த வேறு புத்தகம், சிஸ்டம் அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. 14387 அவள் பெயரிலேயே நின்றுவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு வந்தபோது, "புத்தகம் பாக்கி, விலையைக் கட்டு" என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக்கொண்டே கவுண்டருக்கு வந்தார். அந்தப் பெண் அழவில்லை. "நான் குடுத்துட்டேன் மேடம், நீங்கதான் வாங்கினீங்க" என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து ஓடினேன். 510 அலமாரியில், இரண்டாவது தட்டில், அது இருக்கவேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு வந்து அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றார். அவர்கள் ஊருக்கு நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது பேர் நெருக்கி நிற்க, கோடு போடாத தாளில் ஓடும் பேனாவால் ஒருத்தி தனியாக எழுதுகிற ஏற்பாடு யாருடைய தப்பு?

கணினியே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். டோக்கன் காலத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் பின்னட்டைப் பையில் இருக்கும் அட்டையை உருவி, மாணவரின் டோக்கன் பைக்குள் செருகி, கெடு தேதிவாரியாக மரத் தட்டில் அடுக்குவோம். அமெரிக்க நூலகர் நினா பிரவுன் பெயரால் பிரவுன் முறை என்பார்கள். கரண்ட் போனாலும் ஜன்னல் வெளிச்சம் போதும். ஆனால் ஒரு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் தட்டு முழுக்கத் தேடவேண்டும். கணினி வந்ததால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட்ட அன்று, கூடவே 'ஒருவேளை' என்ற யோசனையையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

மென்பொருளைக் குறை சொல்லவும் மாட்டேன். நாங்கள் பயன்படுத்துவது கோஹா. 2000-ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் தடுமாறும் என்பதால் 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தார் உருவாக்கச் செய்தது. சிஸ்டம் நின்றால் என்ன ஆகும் என்ற கவலையில் பிறந்தது என்றே சொல்லலாம். நெட் இல்லாதபோது தனிக் கணினியில் அட்டையையும் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வைத்து, பிறகு நேரத்தோடு சேர்த்து மொத்தமாக ஏற்றிக்கொள்ள அதற்கு ஆஃப்லைன் கருவியும் உண்டு. பாக்கி இருக்கிறதா, ரிசர்வ் இருக்கிறதா என்று அது சொல்லாது, உண்மைதான். ஆனால் 8-ஐ 3 என்று படிக்காது. ஒரு பழைய லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். "பார்க்கலாம்" என்ற பதில்தான் வருகிறது.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2023 அக்டோபர் 28 அன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். நூற்பட்டியலைத் தேடும் வசதியே 2024 ஜனவரி 15 அன்றுதான் திரும்ப வந்தது. அதே நாட்களில் கனடாவின் டொராண்டோ பொது நூலகமும் முடங்கியது, 100 கிளைகள். புத்தகம் கொடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை, கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்ததைக் கணக்கில் ஏற்ற வழியில்லாமல், ஏறக்குறைய 10 லட்சம் புத்தகங்களை லாரி டிரெய்லர்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அந்த ஊர் கவுண்டர்காரர்களை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நிர்வாகம் வாசகர்களிடம் நேராகப் பேசியது. பிரிட்டிஷ் நூலகம் எங்கே கோட்டை விட்டோம் என்று 2024 மார்ச்சில் அறிக்கையே வெளியிட்டது. இங்கே ஒரு ஏ4 தாளில் "சர்வர் பழுது" என்று எழுதி ஒட்டவும் நான்தான் செலோடேப் வாங்கி வரவேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, நூலகர் தினம் வந்தால் இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு மேடையில் பேசுவார்கள். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டி எழுப்பியவர். அவர் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. திங்களன்று மூன்று மணி நேரம் நின்றுவிட்டுக் கையெழுத்து இல்லாமல் திரும்பிய பிள்ளைகளின் நேரம் யார் கணக்கில் சேரும்?

நான் கேட்பது மலையளவு இல்லை. கட்டம் போட்டு அச்சடித்த ஒரு பேட், நேரம், மாணவர் எண், புத்தக எண், வழங்கலா வரவா என்று நாலு பத்தி. பாக்கிப் பட்டியல் வாரம் ஒரு தடவை பென்டிரைவில். ஆஃப்லைன் கருவியோடு ஒரு லேப்டாப். சர்வர் போன நாட்களுக்கு அபராதம் கிடையாது என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை, அதைச் சொன்னால் பிள்ளைகள் பாதி அமைதியாகிவிடுவார்கள். சிஸ்டம் வந்த மறுநாள் காலை இரண்டு மணி நேரம் கவுண்டரை மூடி, நோட்டை ஏற்ற இரண்டு பேர், ஒருவர் எண்ணை வாசிக்க, ஒருவர் அடிக்க.

இப்போது மணி மாலை 6.10. வாட்ச்மேன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். நாலாவது பக்கம், பத்தொன்பதாவது வரியில் நிற்கிறேன். கடைசிக்கு முந்தைய எண் 3-ஆ 8-ஆ தெரியவில்லை. இந்தத் தடவை ஊகித்துப் போடமாட்டேன். பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன், நாளைக் காலை கவுண்டரைத் திறக்கும் முன் அலமாரிக்குப் போய் இரண்டு புத்தகத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன்.