கட்டியவர் வேறு, கல்லாவில் உட்கார்ந்தவர் வேறு

"இணையத்தை உருவாக்கிய பத்து மேதைகள்" பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக என் டைம்லைனில் வேறு எதுவும் ஓடவில்லை. பத்துப் பேரும் கோடீஸ்வரர்கள். வலையை (வேர்ல்ட் வைட் வெப்) கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ பெயர் இல்லையே என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அவர் எந்தக் கம்பெனி சிஇஓ சார்?" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வேறு.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். இணையத்தைக் கட்டியவர்கள் வேறு, அதில் கடை போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் வேறு. கடை போட்டது தப்பே இல்லை. கட்டடமே நான் கட்டியதுதான் என்று போர்டு மாட்டுவதுதான் தப்பு.

இந்தப் பதிவு உங்களிடம் வந்து சேர்வதே, வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி/ஐபி நெறிமுறையால்தான், அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகளால்தான். பணம் போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அதாவது மக்கள் வரிப்பணம். இணையத்தின் மேல் ஓடும் வலையை, அதாவது கிளிக் செய்து பக்கம் பக்கமாகப் போகும் அமைப்பை, பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் எழுதிக் கொடுத்துவிட்டது. கிளிக்குக்கு இவ்வளவு என்று அன்றைக்கு விலை வைத்திருந்தால், இன்று பட்டியலில் முதல் பெயர் அவருடையது. சும்மா கொடுத்தார், அதனால் காணாமல் போனார்.

"அப்படியென்றால் கூகுள் தானாக வந்ததா?" இல்லை. அதன் நிறுவனர்கள் பேஜும் பிரின்னும் செய்தது அசல் மூளை வேலை. ஆனால் அது ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வாக இருந்தபோது அரசு நிதியும் அதில் இருந்தது. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமையே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பதிவானது. ஊக்கப் பதிவுகளில் இதெல்லாம் வராது. கராஜில் கம்பெனி தொடங்கிய கதை மட்டும் தவறாமல் வரும்.

"ரிஸ்க் எடுத்தார்களே!" எடுத்தார்கள். அமேசான் நிறுவனர் பெசோஸின் பெற்றோர் 1995-இல் அதில் சுமார் 2.45 லட்சம் டாலர் போட்டார்கள். பில் கேட்ஸ் ஹார்வர்டை விட்டு வெளியேறியதைச் சொல்லாத ஆளில்லை. 1968-லேயே கணினி முனையம் வைத்திருந்த பள்ளியில் படித்துவிட்டுத்தான் அவர் ஹார்வர்டுக்குப் போனார் என்பதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும்போது குதிப்பதும் தைரியம்தான், மறுக்கவில்லை. எந்த அளவு தைரியம் என்பதுதான் கேள்வி.

வியாபாரிகள் இல்லாவிட்டால் சாமானியன் கைக்கு இது வந்தே இருக்காது என்கிறார்கள். உண்மை. அதற்குத்தான் கோடிகள் கிடைத்துவிட்டனவே. கண்டுபிடித்தவர்களின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

உனக்கேன் இவ்வளவு எரிகிறது என்பீர்கள். முன்பு ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அந்தச் செயலியின் உயிரான பகுதியை எழுதியவர் என் பக்கத்து இருக்கைத் தோழி. நடுராத்திரி சர்வர் படுத்தால் எழுப்புவதும் அவரைத்தான். முதலீடு வந்ததும் நிறுவனர் மேடையேறி, தூக்கமில்லாமல் தானே எழுதியதாகச் சொன்னார். அது எந்த நிரல்மொழியில் இருக்கிறது என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது! நாங்கள் கை தட்டினோம். சம்பளம் அங்கிருந்துதானே வருகிறது. அப்புறம் ஆட்குறைப்பு வந்தபோது முதல் பெயர் தோழியுடையது. இன்றைக்கு நேர்முகத் தேர்வுகளில் "அதை எழுதியது நான்" என்று அவர் சொன்னால் நம்ப மறுக்கிறார்களாம். எப்படி நம்புவார்கள்? தேடினால் வருவதெல்லாம் நிறுவனரின் பேட்டிகள்தானே.

எனவே தயவுசெய்து இதை "வெறும் ஒரு லிஸ்ட்தானே, விடுங்க" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பொறாமை என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்களுக்கு: ஆமாம், பொறாமைதான், போதுமா? அப்படியே டெஸ்லா கணக்கையும் முடித்துவிடுவோம். டெஸ்லா இணையமா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தப் பட்டியலில் மஸ்க் பெயருக்குக் கீழே அதை எழுதி வைத்தவரைக் கேளுங்கள். அந்த நிறுவனத்தை 2003-இல் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பென்னிங்கும். மஸ்க் முதலீட்டாளராக உள்ளே வந்தது 2004-இல். தன்னை இணை நிறுவனர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை, 2009-இல் ஒரு வழக்கின் சமரசத்தில் உறுதியானது. இல்லை, அவர் தனியாளாக ஆரம்பித்ததுதான் என்று வாதாட வருபவர்கள், 2003 முந்தியதா 2004 முந்தியதா என்று முதல் வரியில் எழுதிவிட்டு மேலே தொடரவும்.